எங்கள் வீட்டு வான்கோழி டின்னர்

எனக்குப் பார்த்த இடம் இரண்டு முறை தட்டிப் போனதற்கு என் நிறமோ உயரமோ காரணம் இல்லை. ஜாதகமும் இல்லை, கிறிஸ்தவ வேதக்காரர்களுக்கு ஏது ஜாதகம்? காரணம் அப்பாவின் வாய்தான்.

முதல் முறை வந்தவர்களிடம், "எம் பொண்ணு பியானோ வாசிப்பா" என்று சொல்லிவிட்டார். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டில் சத்தம் எழுப்பக்கூடிய சாமான் என்று இருந்தது அம்மாவின் ஆட்டுக்கல் ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டிலோ நிஜமாகவே ஒரு பியானோ இருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டு, அதன் மூடியைத் திறந்து வைத்து, "வாசிம்மா" என்றார்கள். விரல் சுளுக்கு என்றேன். "பத்து விரலுமா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அக்கா. இரண்டாம் முறை, எனக்கு லத்தீன் தெரியும் என்றார் அப்பா. அந்த மாப்பிள்ளையின் பெரியப்பா பங்குச் சாமியார். அவர் என்னிடம் லத்தீனில் ஏதோ கேட்டார். நான் "ஆமென்" என்றேன். அத்தோடு அதுவும் முடிந்தது.

அப்பா கெட்டவர் இல்லை. ஒரு காலேஜ் ஆபீஸில் ஹெட்கிளார்க். ஃபைலில் ஒரு தேதி தப்பாக விழுந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் ஆபீஸை விட்டு வெளியே வந்து யாராவது ஒரு மனிதரோடு நின்று பேசினால் போதும், இல்லாதது பொல்லாதது எல்லாம் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். என்னைப் பற்றிய பேச்சென்றால் கேட்கவே வேண்டாம். நான் ஒரே பெண். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்தாறு. ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகாத பெண்ணுக்கு இருபத்தாறு என்பது தெருவே கவலைப்படும் வயது.

மூன்றாவது இடம் பொன்மலையிலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ரிட்டயர்டு ரயில்வே கார்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மெயில் வண்டிகளில் பச்சைக்கொடி காட்டியவர். பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து இன்ஜினுக்குக் கத்திக் கத்திப் பழகிய குரல் அவருடையது. பக்கத்தில் நிற்பவரிடமும் அதே குரலில்தான் பேசுவார். மாப்பிள்ளை ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார்.

அந்தக் கணக்கு வாத்தியாரை எனக்கு முன்பே தெரியும். பேசியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் நரகத்தின் சூட்டைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். "நம்ம ஊர் மே மாசத்தை நினைச்சுக்குங்க, ஆனா மழையே வராது" என்றார். கோயிலே நடுங்கியது. ஆண்கள் பக்கத்தில் ஒரே ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பெண்கள் பக்கத்தில் சிரித்தது நான். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் நான் பிரசங்கத்தை அவ்வளவு கவனமாகக் கேட்டேன், சிரிக்க ஏதாவது வராதா என்று. இந்த இடம் எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும். அப்போது யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நவம்பரில் ஒரு நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் பேச்சு நடந்தது. கார்டு கத்தினார்:

"கிறிஸ்துமஸ் டின்னர்னா வான்கோழிதாங்க. மத்ததெல்லாம் சும்மா சாப்பாடு. அந்தக் காலத்துல எங்க வண்டியில பாக்கணும் நீங்க. ஆமா, உங்க வீட்ல என்னங்க வழக்கம்?"

எங்கள் வீட்டு வழக்கம் ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும். அம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதுதான். அப்பா கண்ணை இமைக்கவில்லை.

"வான்கோழிதாங்க. வருஷா வருஷம்."

"பேஷ்! அப்ப இந்த வருஷம் டின்னருக்கு உங்க வீட்டுக்கே வந்துடறோம். பொண்ணைப் பாத்த மாதிரியும் ஆச்சு."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அம்மா, "மூணாவதும் போச்சு, மூணாவதும் போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு என்னவோ நிம்மதியாகத்தான் இருந்தது. பியானோ வாசிப்பதைக் கடையில் வாங்க முடியாது. லத்தீனையும் வாங்க முடியாது. வான்கோழியை வாங்கிவிடலாம். அப்பா சொன்ன பொய்களிலேயே இது ஒன்றுதான் கையைக் காலை ஆட்டினால் உண்மையாகக் கூடியது.

மருங்காபுரிப் பக்கம் ஒரு விவசாயி, வயலில் பாம்பு வந்தால் சத்தம் கொடுக்கட்டும் என்று வான்கோழி வளர்க்கிறார் எனக் கேள்விப்பட்டு அப்பா பஸ் ஏறினார். திரும்பி வரும்போது கண்டக்டர் தகராறு பண்ணினாராம். "மடியில உக்காந்தா டிக்கெட்டு, மேல போட்டா லக்கேஜு. எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாராம். மேலே போட அப்பாவுக்கு மனசு வரவில்லை. டிக்கெட் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வரும் வழியில் பக்கத்து சீட்டுக்காரரிடம், தன் வீட்டில் இதுபோல் இருபது இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதையும் அவரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "கழுத்துல என்னங்க இது, வியாதியா?" என்றாள். சிவந்து தொங்கிய அந்தச் சதை அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. கொல்லையில் கொய்யாமரத்தடியில் கட்டிப் போட்டோம். கம்பும் உடைத்த சோளமும் தின்றது. காயப்போட்ட துணியைக் கொத்தியது. நான் ஸ்கூல் விட்டு வந்தால் என் சைக்கிளைத் தன் பகையாளியாக நினைத்து இறக்கையை விரித்துக்கொண்டு வரும். எனக்கு அதன்மேல் ஒரு பொட்டு இரக்கம் கிடையாது. தினமும் அதைப் பார்த்து மனசுக்குள் நாளை எண்ணினேன்.

வினை வேறு ரூபத்தில் வந்தது. எங்கள் வீட்டில் தினமும் விளக்கு வைத்ததும் ஜெபமாலை. அப்பா மங்கள வார்த்தை ஜெபத்தின் முன்பாதியை உரக்கச் சொல்வார். நானும் அம்மாவும் பின்பாதியைச் சொல்வோம். வான்கோழி வந்த மறுநாள் அப்பா முன்பாதியைச் சொல்லி முடித்த அந்த இடைவெளியில், கொல்லையிலிருந்து "களகளகள" என்று ஒரு சத்தம் வந்தது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். ஜெபமாலையின் அடுத்த மணிக்கும் வந்தது. அதற்கடுத்த மணிக்கும் வந்தது. ஐம்பத்து மூன்று மணிக்கும் விடாமல், ஒரு மணிகூடத் தப்பாமல், அது எங்களுக்கு முன்னால் பதில் சொல்லியது.

உரத்த சத்தம் எது கேட்டாலும் பதில் குரல் கொடுப்பது அந்தப் பறவையின் சுபாவம். இது எனக்கு இரண்டு நாளில் புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் புரியவில்லை.

"அது வாயில ஜெபம் வருதுடி."

"லாரி ஹாரனுக்கும்தாம்மா பதில் சொல்லுது."

"ஹாரனுக்கு ஒரு தடவைதான் சொல்லுது. ஜெபத்துக்கு அம்பத்து மூணு தடவை சொல்லுது."

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள் நான். எண்ணிக்கையில் அம்மா சொன்னது சரி. அக்கம்பக்கத்திலிருந்து ஆட்கள் ஜெபமாலைக்கு வர ஆரம்பித்தார்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகூடக் கோயில் பக்கம் தலை காட்டாத எதிர்வீட்டு மனிதர் முழங்காலில் நின்று ஜெபமாலையின் ஐந்து பத்துகளையும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா வான்கோழிக்குச் சோளத்தோடு வெல்லத்துண்டும் வைக்க ஆரம்பித்தாள். கழுத்துச் சதையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைப்பாள்.

டிசம்பர் பிறந்ததும் அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு ஒரு கூச்சல் போட்டாள். கொல்லையிலிருந்து உடனே பதில் வந்தது.

"கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில வருதுங்க! வெள்ளிக்கிழமை சுத்தபோசனம்! கறி தொடக்கூடாது! நான் விரால் மீன் குழம்பு வச்சுடறேன்!"

அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை கறி தின்பது பாவம். பாவம் என்றால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்ல வேண்டிய பாவம். விரால் மீனை வான்கோழி என்று சொல்ல அப்பாவால்கூட முடியாது. அப்பாவை இழுத்துக்கொண்டு சாமியாரிடம் ஓடினேன். சாமியார் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கிறிஸ்துமஸ் கடன்திருநாள், அன்னைக்கு சுத்தபோசனம் கிடையாது. தாராளமா சாப்பிடுங்க" என்றார். நான் அவர் கையை முத்தி செய்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "அவருக்கென்ன, அவர் வீட்டுக் கொல்லையிலயா அது ஜெபம் சொல்லுது?" என்றாள்.

மறுநாள் இந்த வழக்கு ஆபீஸுக்கும் போனது. அங்கே அப்பாவுக்கு அடுத்த மேஜைக்காரர் ஒரு அய்யங்கார். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்று சைக்கிளில் வந்து வாழ்த்திவிட்டு, இரண்டு மலைப்பழம் மட்டும் சாப்பிட்டுப் போவார். அவர் நெற்றித் திருமண் சுருங்கும்படி யோசித்துவிட்டு, "திருநாள் வந்தா விரதம் விட்டுடுமா? எங்களுக்குத் திருநாள் வந்தா விரதம் இன்னும் கெட்டியாகும் ஓய்" என்றாராம். அம்மாவுக்கு அன்று முதல் அந்த அய்யங்கார்மேல் தனி மரியாதை. நம்ம சாமியைவிட ஆபீஸ் சாமிக்கு வேதம் நன்றாகத் தெரிகிறது என்றாள்.

சமைப்பது எப்படி என்பது அடுத்த சண்டை. எங்கள் ஸ்கூலில் ஒரு அயர்லாந்துக் கன்னியாஸ்திரீ இருந்தார். அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வந்தேன். வயிற்றுக்குள் ரொட்டித்தூளை அடைத்து, நூலால் தைத்து, அடுப்புக்குள் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். அம்மா கேட்டுவிட்டு, "தைக்கறதா? ஆஸ்பத்திரியா நடத்தறோம் இங்க?" என்றாள். எங்களிடம் இருந்தது விறகடுப்பு. பேக்கரிக்காரரைக் கேட்டால், கேக் சுடும் நாளில் பறவையை உள்ளே விட்டால் ஊர் கேக்கெல்லாம் கறி வாடை அடிக்கும் என்றார். கடைசியில், குழம்பு வைத்துவிடுவது என்று ஆயிற்று. வெட்டித் துண்டு போட்டு, இஞ்சி பூண்டு அரைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி. எப்படி வைத்தால் என்ன, வான்கோழி வான்கோழிதானே என்று நான் சமாதானம் ஆனேன்.

இருபத்து நான்காம் தேதி வந்தது. அன்றைக்கு எங்களுக்கு ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடு. மூன்று பேரும் பசியில் எரிச்சலாக இருந்தோம். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கத்தி சுத்தமாக இருந்தது.

"என்னங்க?" என்றாள் அம்மா.

"என்னையே பாத்துச்சு" என்றார். ஒரு மாசமாக அவர் ஆபீஸ் விட்டு வந்ததும் கொய்யாமரத்தடியில் நின்று அதனிடம் அன்றைய ஆபீஸ் விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது பதில் சொல்லும். இந்த வினை வரும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"குடுங்கப்பா, நான் அறுக்கறேன்" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போனேன். சத்தியமாக அறுத்திருப்பேன். அம்மா ஓடிவந்து வான்கோழிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "முதல்ல என்னை வெட்டுடி!" என்று கத்தினாள். வான்கோழி "களகளகள" என்றது. "பாரு, அதுவே சொல்லுது!" என்றாள். ஐந்தாம் வகுப்பு டீச்சர் நான், ஒரு கையில் கத்தியோடு, பெற்ற தாயிடம், "நகரும்மா, என் கல்யாணம்மா" என்று அழுதுகொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அய்யங்கார் வந்தார். மறுநாள் ஏகாதசியாம். அன்றைக்கு அவருக்குப் பழம்கூடக் கிடையாது, துளசித் தீர்த்தம்தான். அதனால் முன்கூட்டியே வாழ்த்திவிட்டுப் போக வந்திருக்கிறார். கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர், கத்தியையும் அம்மாவையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"சாயரக்ஷையில நாமம் சொல்ற பக்ஷியா?" என்றார். "ஜடாயுவுக்கே மோக்ஷம் குடுத்தவர் எங்க பெருமாள். ஒரு ரெண்டு நாள் எங்காத்து மாட்டுக் கொட்டாயில இருக்கட்டும். ஆத்துக்காரிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

வான்கோழி ஒரு கூடையில் ஏறி, கூடை ஒரு குதிரை வண்டியில் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தது. சேவல் வாங்கப் போவதாக அய்யங்காரிடம் சொல்லிவிட்டு அப்பா லால்குடிக்கு ரயில் ஏறி, இருப்பதிலேயே பெரிய எலும்புள்ள இரண்டு சண்டைச் சேவல்களோடு இறங்கினார். "பெரிய துண்டா போட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். அம்மா அந்தச் சேவல்களை முகம் சுளிக்காமல் அறுத்தாள். அவை ஜெபம் சொல்லவில்லை என்பதால் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

கையில் பிடித்து, டிக்கெட் எடுத்துக் கொண்டு வந்து உண்மையாக்கி வைத்த ஒரே பொய்யையும் மறுபடி பொய்யாக்கிவிட்டார்கள். அந்த வருஷம் நடுநிசிப் பூசையில் நான் குழந்தை இயேசுவைப் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கமும் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கார்டும் அவர் மனைவியும் மகனும் வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை அன்று மட்டும் நாங்கள் எல்லோரும் டின்னர் என்று சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. காலேஜ் ஹாஸ்டலிலிருந்து மேஜையும் முள்கரண்டிகளும் இரவல் வந்திருந்தன. அம்மா குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் பரிமாறினேன்.

கார்டின் மனைவி தட்டைக் கையால் மூடிக்கொண்டார். "எனக்குக் கறி வேண்டாம்மா. இவனுக்கு ஒரு கல்யாணம் முடிவாகற வரைக்கும் கறியே தொடறதில்லைன்னு வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டிருக்கேன். ஒன்றரை வருஷம் ஆச்சு. ரசம் ஊத்து, போதும்." குழம்புச் சட்டியை அவர் பார்த்த பார்வையில், அந்த ஒன்றரை வருஷம் முழுவதும் தெரிந்தது.

கார்டு முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்தினார். அது வழுக்கிக்கொண்டு மகன் தட்டில் போய் விழுந்தது. பிறகு கையாலேயே எடுத்துக் கடித்தார். கடித்தார், கடித்துக்கொண்டே இருந்தார். சண்டைச் சேவல் செத்த பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவழியாக விழுங்கிவிட்டு மேஜையைத் தட்டினார்.

"இதுதாங்க! இதுதான் அசல் வான்கோழி! இந்தக் கெட்டி வேற எதுலயும் வராது! முப்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் அந்த ருசி!"

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு உயிர் வந்தது. முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது.

உள்ளே வந்தவர் அய்யங்கார். ஏகாதசிப் பட்டினியில் முகம் வாடியிருந்தது. வண்டிக்காரர் பின்னால் கூடையைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தார். கூடைக்கு வெளியே சிவந்த கழுத்து நீண்டது.

"க்ஷமிக்கணும், விருந்து நேரத்துல வந்துட்டேன்" என்றார் அய்யங்கார். "இந்த பக்ஷியை இனிமே அடியேனால வெச்சுக்க முடியாது. மார்கழி மாசம். விடியக்காலை திருப்பாவை கோஷ்டி தெருவுல பாடிண்டு வரது. இவர் கொட்டாயிலேர்ந்து ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்றார். மூணாவது பாட்டுல கோஷ்டி நின்னுடுத்து. தெருவே எங்காத்து வாசல்ல கூடிடுத்து. ஒரு பெரியவர், இது எந்த ஆத்து சிஷ்யப்பிள்ளைன்னு கேட்டார். இன்னொருத்தர், இது வெள்ளைக்காரா சாப்பிடற வான்கோழின்னு சொல்லிட்டார். அவ்வளவுதான், ஆத்துக்காரி பசுமாட்டை எல்லாம் குளிப்பாட்டிண்டிருக்கா. உசிரோட ஒப்படைச்சுட்டேன். நேத்து என்ன சேவல் வாங்கினேளோ அதை வெச்சு ஒப்பேத்திடுங்கோ."

கார்டு தன் தட்டைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

"அப்ப இது என்னங்க?" என்றார், பிளாட்பாரக் குரலில்.

"களகளகள" என்றது வான்கோழி.

"உங்களைத்தாங்க கேக்கறேன்!"

"களகளகள."

மகன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அப்பா எழுந்தார். "அது வந்துங்க, நாங்க எப்பவுமே ரெண்டு வாங்கறதுங்க. ஒண்ணு டின்னருக்கு, ஒண்ணு…" என்று ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கரண்டியை மேஜைமேல் வைத்தேன்.

"இல்லைங்க. வாங்கினது ஒண்ணுதான். அது இதுதான். தட்டுல இருக்கறது லால்குடிச் சேவல். எங்க வீட்ல வருஷா வருஷம் ஆட்டுக்கறிதாங்க. எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. லத்தீனும் தெரியாது."

கடைசி இரண்டைப் பற்றி யாரும் என்னைக் கேட்டிருக்கவில்லை. ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை.

கார்டு எழுந்திருக்கப் போனார். அவர் மனைவி ரசத் தட்டிலிருந்து கையை எடுத்து, அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீங்க எங்க எழுந்துக்கறீங்க? நீங்க மட்டும் என்னைக்கு வான்கோழி தின்னீங்க? வெள்ளைக்காரன் வண்டியில தின்னதை பிளாட்பாரத்துல நின்னு கண்ணாடி வழியாப் பாத்ததுதானே?"

கார்டின் காது சிவந்துவிட்டது. "வாசனை வரும்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வான்கோழி பதில் சொல்லவில்லை.

அய்யங்கார் நடந்தது என்னவென்று புரியாமல் கூடத்தின் நடுவில் கைகட்டி நின்றார். பிறகு கார்டு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிங்க. நீங்களும் பொய், நானும் பொய். உங்க பொண்ணு ஒண்ணுதான் இந்த வீட்ல உண்மையைச் சொல்லிச்சு. இப்ப நீங்க பொண்ணைப் பத்தி ஒரே ஒரு உண்மையைச் சொல்லுங்க. அதைக் கேட்டுட்டு நாங்க முடிவு பண்ணிக்கறோம்."

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பற்றிப் பேசச் சொன்னால் மடை திறந்தது போல் பேசுகிற மனிதர். அவருடைய வாய் பொய்யைத் தேடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தையல் தெரியும் என்பாரா, இங்கிலீஷில் கவிதை எழுதுவாள் என்பாரா என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவர் இரவல் முள்கரண்டியை எடுத்து நேராக வைத்தார். அதை மறுபடி கோணலாக வைத்தார்.

"இவ போயிட்டான்னா," என்றார், "நான் பேசறதைக் கேக்க இந்த வீட்ல ஆளில்லீங்க."

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குக் கண்ணை மறைத்தது. அதுவரை அவர்மேல் எனக்கிருந்த அத்தனை கோபத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கார்டின் மனைவிதான் முதலில் பேசினார். "தை மாசம் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சுடலாங்க. பொன்மலை என்ன சீமையிலயா இருக்கு? தினம் சாயங்காலம் வந்து பேசிட்டுப் போங்க." பிறகு மகன் பக்கம் திரும்பி, "சரிதானேடா?" என்றார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த அம்மாள் உடனே ரசத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "முடிவாயிடுச்சில்ல? கறியைப் போடும்மா" என்றார்.

வான்கோழியை அப்பா பொங்கலுக்கு முன்பே மருங்காபுரியில் கொண்டுபோய் விட்டுவிட்டார், பழையபடி பாம்பு பார்க்கும் வேலைக்கு. தை மாசத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்த வாரமே, ஆபீஸ் விட்டு நேராக அப்பா பொன்மலைக்கு சைக்கிளில் வந்தார். மறுநாளும் வந்தார். மழையென்றும் பாராமல் ஒன்பது வருஷம் வந்தார். பாயில் விழுந்து படுத்த கடைசி வாரத்தில்தான் வரவில்லை. அதோடு அவர் காலம் முடிந்தது. வந்து உட்கார்ந்து அவர் சொன்னதில் பாதி பொய். நான் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.